தவறிய நாளுக்கு மறுநாள் என்ன செய்வது?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். புத்தாண்டுத் தீர்மானங்கள் குறித்துத் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரையைப் படித்தோம். நல்ல நோக்கத்தோடு எழுதப்பட்டது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அதில் இரண்டு செய்திகள் பிழையாக இருக்கின்றன. 21 நாள் விடாமல் செய்தால் எந்தப் பழக்கமும் படிந்துவிடும் என்பது ஒன்று. பாதியில் விடுபவர்களுக்கு மன உறுதி போதவில்லை என்பது மற்றொன்று. பழக்க மாற்ற ஆலோசனையைத் தொழிலாகச் செய்கிறவர்கள் நாங்கள். இந்த இரண்டையும் நம்பிக்கொண்டு, தாமே விரும்பி எடுத்த நல்ல முடிவைக் கைவிட்டு, பிறகு தம்மையே நொந்துகொள்பவர்கள் ஏராளம். அதனால்தான் இந்த நீண்ட கடிதம். இடம் கருதிச் சுருக்க நேர்ந்தால், தவறிய நாளைப் பற்றிய பகுதியை மட்டும் விட்டுவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம்.

முதலில் அந்த 21. அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன் ஒருவர் 1960ல் எழுதிய நூலிலிருந்து கிளம்பிய எண் அது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு கண்ணாடியில் தெரியும் புதிய முகத்துக்கு மனம் பழகுவதற்குக் குறைந்தது ஏறத்தாழ 21 நாள் ஆகிறது என்று தம் நோயாளிகளைப் பார்த்து அவர் குறித்திருந்தார். புதிய பழக்கம் ஒன்றைத் தினமும் செய்து படியவைப்பதை அவர் அளக்கவில்லை. கைக்குக் கை மாறியதில் ‘குறைந்தது’ என்பதும் ‘ஏறத்தாழ’ என்பதும் உதிர்ந்துபோய், வெறும் 21 மட்டும் தங்கிவிட்டது.

உண்மையில் அளந்து பார்த்தவர்கள் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் பிலிப்பா லாலியும் அவருடைய குழுவினரும். 2009ல் வெளியான அந்த ஆய்வில் 96 பேர் பங்கேற்றார்கள். ஆளுக்கொரு சிறிய செயலைத் தேர்ந்தெடுத்து, அன்றாடம் ஒரே சந்தர்ப்பத்தில் 84 நாள் செய்தார்கள். யோசிக்காமலே அந்தச் செயல் கைகூடும் நிலைக்கு வர எடுத்த காலம் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது. நடு மதிப்பு 66 நாள். (84 நாளைத் தாண்டிய எண்கள், அதுவரை கிடைத்த பதிவை வைத்துக் கணக்கிட்டவை.) ஒரு டம்ளர் தண்ணீர் குடிப்பது போன்றவை சீக்கிரம் படிந்தன, உடற்பயிற்சி போன்றவை அதிக நாள் எடுத்தன. ஆரம்ப நாள்களில் ஒவ்வொரு முறையும் நன்றாகவே முன்னேற்றம் தெரிகிறது, போகப்போக ஏற்றம் குறைந்து சமநிலைக்கு வருகிறது. இடையில் ஒரு நாள் விட்டுப்போனது பழக்கம் படிவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. நாளிதழ்கள் முதலில் அச்சிட வேண்டிய செய்தி இதுதான் என்பது எங்கள் கருத்து.

21 என்று நம்புகிறவருக்கு என்ன நடக்கிறது? 22ஆம் நாள் காலையிலும் எழுந்திருக்கக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ‘எல்லோருக்கும் வந்துவிடுகிறது, எனக்கு மட்டும் வரவில்லை, நான் இதற்கு லாயக்கில்லை’ என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார். உடலை வருத்தும் ஒரு செயலில் 22ஆம் நாள் என்பது பாதி வழிகூட இல்லை என்று முன்பே சொல்லியிருந்தால், அந்தக் காலையில் அவர் கலங்கியிருக்க மாட்டார்.

அடுத்தது மன உறுதி. மன உறுதி என்பது செலவழியக்கூடிய ஒரு சேமிப்பு, ஒன்றில் செலவானால் இன்னொன்றுக்கு இருக்காது என்ற கருத்து 1998ல் ஒரு சோதனையிலிருந்து பரவியது. 2016ல் 23 ஆய்வுக்கூடங்கள் சேர்ந்து, 2,000க்கும் மேற்பட்டவர்களை வைத்து அதே வகைச் சோதனையை மறுபடி நடத்தியபோது விளைவு ஏறக்குறைய பூஜ்யமாக இருந்தது. விவாதம் இன்னும் முடியவில்லை. ஆனால் நடைமுறையில் உதவும் ஒரு கண்டுபிடிப்பு வேறு இருக்கிறது. தன்னடக்கம் மிகுந்தவர் என்று நாம் மெச்சுகிறவர்களின் அன்றாடத்தைப் பின்தொடர்ந்து பார்த்தால், அவர்கள் ஆசையோடு மல்லுக்கட்டும் தருணங்களே குறைவு. மல்லுக்கட்ட வேண்டிய இடத்தில் போய் நிற்பதில்லை, அவ்வளவுதான். வைராக்கியத்தை வளர்த்துக்கொள் என்று ஒருவரிடம் சொன்னால் அவர் நாளைக் காலை எழுந்து என்ன செய்வது? செல்போனை எங்கே வைக்க வேண்டும் என்று சொன்னால் இன்றிரவே செய்துவிடலாம்.

எனவே, நாங்கள் சொல்லித்தரும் முறையை வரிசையாகச் சொல்கிறோம்.

தொடங்கும் முன் ஒரு தாளில், இந்த மாற்றம் எனக்கு ஏன் வேண்டும் என்று ஒரே ஒரு வாக்கியம் எழுதுங்கள். எழுதியதைப் படித்துப் பார்த்து, ‘யாருக்கும் தெரியாமலே போய்விட்டாலும், யாரும் பாராட்டாவிட்டாலும் இதைச் செய்வேனா?’ என்று கேளுங்கள். செய்வேன் என்று மனம் சொன்னால் அது உங்களுடைய மாற்றம். இல்லையென்றால் அது மனைவி, மகன், மேலதிகாரி, மைத்துனர் யாரோ ஒருவருடையது. ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன் இருவரும் 1970களிலிருந்து செய்த ஆய்வுகளின் சாரம் இதுதான்: பிறர் வற்புறுத்தலாலோ குற்ற உணர்ச்சியாலோ தொடங்கியவை சீக்கிரம் உதிர்கின்றன, தமக்கே முக்கியம் என்று உணர்ந்து ஏற்றவை நிலைக்கின்றன. மருத்துவர் சொல்லித்தான் ஒருவர் நடக்கத் தொடங்குகிறார் என்றால் பாதகமில்லை. ஆனால் ‘டாக்டர் சொன்னார்’ என்பதற்குக் கீழே, ‘பேரனோடு மாடி ஏறி இறங்க வேண்டும்’ என்பது போலத் தம் சொந்தக் காரணம் ஒன்றை அவர் கண்டுபிடித்து எழுதிக்கொள்ள வேண்டும். முதல் வாக்கியம் மூன்றாவது வாரத்தைத் தாண்டுவது அரிது.

ஒரு நேரத்தில் ஒரே மாற்றம். இதில் நாங்கள் பிடிவாதமாக இருக்கிறோம். அதிகாலை எழுவது, நடப்பது, தியானம், படிப்பு, சிகரெட்டை விடுவது என்று ஐந்தையும் ஒன்றாம் தேதி தொடங்குகிறவர் இரண்டாம் வாரத்தில் ஐந்தையும் சேர்த்தே விடுகிறார். எப்போது, எங்கே, எப்படிச் செய்வது என்று திட்டம் எழுதிவைப்பது ஒரு குறிக்கோளுக்கு நன்றாக உதவுகிறது, பல குறிக்கோள்களுக்கு ஒரே சமயத்தில் எழுதினால் அந்தப் பயன் போய்விடுகிறது என்று 2012ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஒவ்வொன்றும் எவ்வளவு கடினம் என்ற மலைப்பே முதலில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. முதல் மாற்றம் நினைக்காமலே நடக்கத் தொடங்கிய பிறகு இரண்டாவதை எடுங்கள்.

வாக்கியம் எப்படி அமைகிறது என்பதும் முக்கியம். ஸ்வீடனில் 1,066 பேரிடம் நடத்தி 2020ல் வெளியிட்ட ஆய்வில், ஒன்றைச் செய்யப் போகிறேன் என்று தீர்மானித்தவர்களில் 58.9 சதவீதம் பேர் ஓராண்டு கழித்து வெற்றி என்றார்கள். ஒன்றை விடப் போகிறேன், தவிர்க்கப் போகிறேன் என்றவர்களில் அது 47.1 சதவீதம். அவரவர் தம்மைப் பற்றிச் சொன்ன மதிப்பீடுதான், ஆனாலும் எங்கள் அனுபவத்தோடு ஒத்துப்போகிறது. ‘இரவில் செல்போன் பார்க்க மாட்டேன்’ என்ற வாக்கியத்தில், பிறகு கை என்ன செய்வது என்பதற்கு விடை இல்லை. ‘படுக்கையில் சாய்ந்ததும் புத்தகத்தில் இரண்டு பக்கம் படிப்பேன்’ என்பதில் இருக்கிறது.

அளவை இரண்டாக வையுங்கள். ஒன்று முழு அளவு, மற்றொன்று குறை அளவு. நடை என்றால் முழு அளவு 30 நிமிடம், குறை அளவு 5 நிமிடம். எழுத்து என்றால் ஒரு பக்கம், இரண்டு வரி. உடற்பயிற்சி என்றால் 20 நிமிடம், இரண்டு தண்டால். காய்ச்சல் இல்லாத எந்த நாளிலும், எவ்வளவு களைப்பிலும், உடை மாற்றாமலே செய்து முடிக்க முடிவதுதான் சரியான குறை அளவு. இரண்டு வரி எழுதுவதால் யாரும் எழுத்தாளர் ஆகிவிடுவதில்லை என்பது உண்மை. குறை அளவின் வேலை வேறு: அந்தச் சந்தர்ப்பம் வந்ததும் அந்தச் செயல் வரும் என்ற இணைப்பு அறுந்துவிடாமல் காப்பது. முழு அளவை எப்போது கூட்டலாம்? கடந்த 14 நாளில் 12 நாளாவது முழு அளவைச் செய்திருந்தால், ஐந்தில் ஒரு பங்கு கூட்டலாம். 30 நிமிடம் 36 ஆகலாம், 60 ஆகக் கூடாது. உற்சாகமான ஒரு நாளில் இரட்டிப்பாக்கியவர்கள் மறுவாரமே காணாமல் போகிறார்கள்.

இனி, ‘எப்போது’ என்பது. நியூயார்க் பல்கலைக்கழகத்தின் பீட்டர் கோல்விட்சர் 1990களில் வகுத்த முறை மிக எளியது: ‘இது நடந்ததும், இங்கே, இதைச் செய்வேன்.’ 94 தனித்தனி ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த 2006ஆம் ஆண்டுத் தொகுப்பு, இந்த ஒற்றை வாக்கியத்துக்கு நடுத்தரத்திலிருந்து பெரிய அளவு வரை பலன் இருப்பதாகக் கண்டது. 2002ல் பிரிட்டனில் 248 மாணவர்களிடம் நடத்திய ஒரு சோதனையில், அடுத்த வாரம் 20 நிமிடமாவது தீவிர உடற்பயிற்சி ஒருமுறை செய்தவர்கள் எத்தனை பேர் என்று பார்த்தார்கள். சும்மா விடப்பட்ட குழுவில் 38 சதவீதம். உடற்பயிற்சியால் இதயத்துக்கு என்ன நன்மை என்று படிக்கக் கொடுத்த குழுவில் 35 சதவீதம். அதைப் படித்ததோடு, எந்த நாள், எந்த நேரம், எந்த இடம் என்று எழுதியும் வைத்த குழுவில் 91 சதவீதம். நன்மைகளைப் பட்டியலிடும் கட்டுரைகளை மேலும் மேலும் எழுதுகிற நம் எல்லோரும் யோசிக்க வேண்டிய எண்கள் இவை.

இந்த வாக்கியத்தை எழுதுவதில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். ‘நேரம் கிடைக்கும்போது’ என்று எழுதினால் அது எழுதாததற்குச் சமம். ‘காலை 6 மணிக்கு’ என்பது பரவாயில்லை, ஆனால் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ‘பல் துலக்கி பிரஷ்ஷை ஸ்டாண்டில் வைத்ததும்’, ‘வேலை முடிந்து கம்ப்யூட்டரை மூடியதும்’, ‘வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியதும்’ என்பவை புதிய செயலை மாட்டிவைக்க நல்ல கொக்கிகள். ஏனென்றால் அவை தினமும் நடக்கின்றன, ஒரே இடத்தில் நடக்கின்றன, தொடக்கமும் முடிவும் துல்லியமாகத் தெரிகின்றன. தினமும் நடக்காத ஒன்றில் மாட்டினால் பழக்கம் படியாது. கையும் கவனமும் வேறு வேலையில் இருக்கும் நேரத்தில் மாட்டினாலும் படியாது. குழந்தையைப் பள்ளிக்குக் கிளப்பும் நேரத்தில் தியானத்தை வைத்துக்கொண்டு, மனம் அலைபாய்கிறது என்று வருந்துபவர்கள் இருக்கிறார்கள். தவறு மனத்தில் இல்லை, இடம் தேர்ந்ததில்தான்.

முதல் கொக்கி தப்பினால் பிடித்துக்கொள்ள இரண்டாவது கொக்கியையும் எழுதிவையுங்கள்: ‘காலையில் விட்டுப்போனால், மாலை செருப்பைக் கழற்றும் முன்.’ ஒரு பெரிய நிறுவனத்தின் 2,500க்கும் மேற்பட்ட ஊழியர்களை வைத்து உடற்பயிற்சி பற்றி நடத்திய ஆய்வு 2021ல் வெளியானது. குறித்த நேரத்தில் ஜிம்முக்கு வந்தால்தான் ஊக்கத்தொகை என்று சொல்லப்பட்டவர்களைவிட, எந்த நேரத்தில் வந்தாலும் உண்டு என்று சொல்லப்பட்டவர்களே, தொகை நின்ற பிறகும் அதிகம் வந்தார்கள். நேரம் தவறினால் அன்றைக்கு அவ்வளவுதான் என்று முதல் குழு பழகிப்போயிருந்தது. ஒழுங்கு என்பதை இறுக்கம் என்று புரிந்துகொண்டால் வரும் நஷ்டம் இது.

தடைகளையும் முன்கூட்டியே யோசிக்க வேண்டும். மாறிய பிறகு எப்படி இருப்பேன் என்று இனிமையாகக் கற்பனை செய்யச் சொல்பவர்கள் உண்டு. 1991ல் உளவியலாளர் காப்ரியேல ஓட்டிங்கன் எடை குறைக்க முயன்ற 25 பெண்களை ஓராண்டு கவனித்ததில், இனிமையான கற்பனையில் அதிகம் திளைத்தவர்களே குறைவாக எடை இழந்தார்கள். ‘என்னால் முடியும்’ என்று எதிர்பார்ப்பது வேறு, முடிந்துவிட்டதாகக் கனவில் மிதப்பது வேறு. கனவுக்குப் பக்கத்திலேயே, குறுக்கே வரப்போகும் தடை எது என்றும் எழுதினால்தான் பயன். பெரும்பாலோருக்கு அது பயணம், விருந்தினர் வருகை, உடம்பு சரியில்லாமை, மாதக் கடைசி வேலை நெருக்கடி, இந்த நான்குக்குள் அடங்கிவிடும்.

சுற்றுப்புறத்தைப் பற்றி ஏற்கெனவே தொட்டோம். செய்ய வேண்டியதை ஓர் அடி பக்கத்திலும், செய்யக் கூடாததை பத்து அடி தள்ளியும் வைப்பதுதான் மொத்த உத்தியும். செல்போன் சார்ஜரைப் படுக்கையறையிலிருந்து எடுத்து வேறு அறையில் மாட்டுங்கள். ‘அலாரத்துக்கு வேண்டும்’ என்பதுதான் வழக்கமான மறுப்பு, அதற்கு ஓர் அலாரம் கடிகாரம் போதும். சமூக வலைதளக் கணக்கை அழிக்க வேண்டியதில்லை, போனிலிருந்து செயலியை மட்டும் நீக்கிவிட்டு கம்ப்யூட்டரில் பாஸ்வேர்டு போட்டுத் திறக்கும்படி வைத்தாலே எடுக்கும் தடவைகள் குறையும். நடைக்குரிய காலணியை வாசலில், காலுறையைக் காலணிக்குள்ளேயே, முந்தைய இரவே வைத்துவிடுங்கள். வீடு மாறுவது, புதிய வேலை, புதிய வேலை நேரம் ஆகியவை வந்தால் அந்த முதல் சில வாரங்களை வீணாக்காதீர்கள். பழைய பழக்கங்களைத் தூண்டும் காட்சிகள் அறுபட்டிருக்கும் காலம் அது. கல்லூரி மாறிய மாணவர்களிடம் இதை 2005ல் வெளியான ஓர் ஆய்வு தெளிவாகக் காட்டியிருக்கிறது. அதே காரணத்தால் நல்ல பழக்கங்களும் அப்போது உதிரும் என்பதால், பழைய கொக்கிக்குப் பதிலாகப் புதிய கொக்கியை முதல் நாளே எழுதிக்கொள்ள வேண்டும்.

இப்போது, சுருக்கக் கூடாது என்று கேட்டுக்கொண்ட பகுதி.

எவ்வளவு நல்ல திட்டம் போட்டாலும் ஒரு நாள் தவறும். அந்த நாளில் ஆபத்து சிறியது. ஆபத்து அதற்கு அடுத்த சில மணி நேரத்தில் மனம் சொல்லும் வாசகத்தில் இருக்கிறது: ‘எல்லாம் போச்சு. இனி ஒண்ணாம் தேதியிலிருந்து பாத்துக்கலாம்.’ வாஷிங்டன் பல்கலைக்கழக உளவியலாளர் ஆலன் மார்லட், மது, புகை ஆகியவற்றை விட்டவர்களிடம் இதை விரிவாக ஆராய்ந்து 1985ல் எழுதினார். ஒரு சிகரெட் என்பது ஒரு சறுக்கல். பழையபடி முழுநேரப் புகைக்குத் திரும்புவது வீழ்ச்சி. சறுக்கலை வீழ்ச்சியாக மாற்றுவது, ஒருவர் அதற்குச் சொல்லிக்கொள்ளும் காரணம். ‘நேற்று அந்தக் கூட்டத்தில், அந்த நேரத்தில், அந்த எரிச்சலில் நடந்தது’ என்று சூழ்நிலையைச் சொல்கிறவர் திரும்பி வருகிறார். ‘நான் இப்படிப்பட்ட ஆள்தான்’ என்று தன் இயல்பைக் குற்றம் சாட்டுகிறவர் அன்றே பாக்கெட் வாங்குகிறார். சூழ்நிலையை மாற்ற முடியும். இயல்பை மாற்ற முடியாது என்று நம்பினால் முயல்வதற்கு ஒன்றுமில்லை.

சறுக்கல் எவ்வளவு சாதாரணம் என்பதற்கு உளவியலாளர் ஜான் நார்கிராஸ் 1980களில் அமெரிக்காவில் சேர்த்த எண்கள் உண்டு. புத்தாண்டுத் தீர்மானம் எடுத்த 200 பேரை இரண்டு ஆண்டு பின்தொடர்ந்தார். ஒரு வாரத்தில் 77 சதவீதம் பேர் தீர்மானத்தில் இருந்தார்கள், இரண்டு ஆண்டு முடிவில் 19 சதவீதம். இதைப் பார்த்துத்தான் பலரும் தீர்மானமே வீண் என்கிறார்கள். ஆனால் அந்த 19 சதவீதத்தை உற்றுப் பாருங்கள்: அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் ஒரு முறையாவது சறுக்கியவர்கள். சராசரியாக 14 சறுக்கல்கள். வென்றவர்களும் தவறினார்கள், தவறிய பிறகு வந்துசேர்ந்தார்கள்.

ஆகவே முதல் நாளே, உற்சாகம் குறையாமல் இருக்கும்போதே, தவறிய நாளுக்கான அட்டை ஒன்றை எழுதிவிடுங்கள். தவறிய பிறகு எழுத உட்கார்ந்தால் வாக்கியங்கள் திட்டாகத்தான் வரும். உள்ளங்கை அளவு அட்டை, நான்கு வரி போதும். முதல் வரி, திரும்பும் நேரம்: ‘அடுத்த கொக்கி வந்ததும், 24 மணி நேரத்துக்குள்.’ இரண்டாம் வரி, திரும்பும் அளவு: ‘குறை அளவு மட்டும்.’ மூன்றாம் வரி: ‘ஈடு கட்ட மாட்டேன்.’ நான்காம் வரி, ஒரு குறிப்புக்கான வெற்றிடம்: எங்கே, எத்தனை மணிக்கு, யாரோடு, அதற்குச் சற்று முன் என்ன நடந்தது.

மூன்றாம் வரியைத்தான் பலரும் எதிர்க்கிறார்கள். நேற்று நடக்காத 30 நிமிடத்தை இன்று சேர்த்து 60 நிமிடமாக நடந்தால் கணக்குத் தீர்ந்துவிடும் அல்லவா என்கிறார்கள். தீராது. முதலாவது, தவறியதற்கு மறுநாள்தான் மனம் மிகவும் தயங்கி நிற்கிறது, அன்றைக்குப் போய் வேலையை இரட்டிப்பாக்கினால் தயக்கமும் இரட்டிக்கும். இரண்டாவது, 60 நிமிடம் ஒதுக்க முடியாமல் அன்றும் விட்டுப்போகும், மூன்றாம் நாள் 90 ஆகும். மூன்றாவது, அந்தச் செயல் தண்டனையாக மாறிவிடுகிறது. தாமாக விரும்பி ஏற்ற ஒன்று தண்டனையாக மாறினால் அதில் மிச்சம் இருப்பது அபராதம் மட்டும்தான்.

நான்காம் வரியில் தீர்ப்பு எழுதக் கூடாது. ‘சோம்பேறித்தனம்’ என்பது தீர்ப்பு. ‘ராத்திரி 1 மணிக்குப் படுத்தேன், அலாரத்தை அணைத்தேன்’ என்பது தகவல். தீர்ப்பிலிருந்து எதையும் திருத்த முடியாது, தகவலிலிருந்து படுக்கும் நேரத்தைத் திருத்தலாம். ஒரே கொக்கியில் மூன்று முறை தவறினால் கொக்கியை மாற்றுங்கள், உங்களைத் திட்டாதீர்கள். அந்த நேரமோ இடமோ பொருந்தவில்லை என்பதற்கு மூன்று குறிப்புகள் போதுமான சான்று.

விடுப்பு நாளை முன்பே ஒதுக்குவதும் நல்லது. தினமும் செய்வேன், ஆனால் வாரத்துக்கு இரண்டு அவசர விடுப்பு உண்டு என்று வைத்துக்கொள்பவர்கள், ஏழு நாளும் கட்டாயம் என்றவர்களையும், ஐந்து நாள் போதும் என்று எளிதாக்கிக்கொண்டவர்களையும்விட நன்றாகத் தொடர்ந்தார்கள் என்று 2017ல் ஓர் ஆய்வு வெளியானது. தேவைப்பட்டால்தான் எடுப்பது என்ற நினைப்பு இருப்பதால் பலர் அந்த விடுப்பை எடுப்பதே இல்லை. இங்கே ஒரு வேண்டுகோள்: தொடர்ச்சியாக இத்தனை நாள் என்று எண்ணிக்காட்டும் செயலிகளைக் கவனமாகப் பயன்படுத்துங்கள். 40 நாள் சங்கிலி அறுந்து திரையில் 0 தெரிவதைப் பார்த்தே செயலியையும் பழக்கத்தையும் சேர்த்து விட்டவர்கள் பலர். 40 நாள் செய்ததில் உடம்பும் மனமும் கற்றது எதுவும் 0 ஆகிவிடவில்லை. கடந்த 30 நாளில் எத்தனை நாள் என்று எண்ணுங்கள். 30ல் 24 என்றால் நன்றாகப் போகிறது. ஒரு நாள் தவறினால் அது 23 ஆகும், 0 ஆகாது.

பதிவு செய்வது பற்றிச் சுருக்கமாக. 138 ஆய்வுகளை, ஏறத்தாழ 20,000 பேரின் விவரங்களோடு தொகுத்த 2016ஆம் ஆண்டு அறிக்கை, முன்னேற்றத்தைக் கவனித்துக்கொண்டே வருவது குறிக்கோளை எட்ட உதவுகிறது, மனத்தில் வைத்துக்கொள்வதைவிட எழுதிவைப்பது கூடுதலாக உதவுகிறது என்று கண்டது. சுவரில் தொங்கும் காலண்டரில் முழு அளவுக்கு ஒரு பெருக்கல் குறி, குறை அளவுக்கு ஒரு சாய்கோடு. அதற்கு மேல் வேண்டாம். நேரம், மனநிலை, தூரம், இதயத் துடிப்பு என்று நான்கு கட்டம் நிரப்பும் பதிவேடு இரண்டு வாரம்கூடத் தாங்காது. செய்த செயலைக் குறியுங்கள், விளைவைக் குறிக்காதீர்கள். எடை இயந்திரத்தின் எண் உங்கள் கையில் இல்லை, நடந்தீர்களா என்பது உங்கள் கையில் இருக்கிறது. வாரத்தில் ஒரு நாள், மாறாத ஒரு நேரத்தில், 10 நிமிடம் உட்கார்ந்து பார்த்தால் போதும்: எத்தனை நாள் நடந்தது, தவறிய நாள்களில் பொதுவாக இருந்தது என்ன, வரும் வாரம் எதை ஒன்றை மட்டும் மாற்றலாம்.

ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டால் வெட்கத்துக்காவது செய்வோம் என்ற யோசனை எல்லோருக்கும் பலிப்பதில்லை. கோல்விட்சரின் குழு 2009ல் வெளியிட்ட சோதனைகளில், ‘நான் இப்படிப்பட்டவன் ஆகப்போகிறேன்’ என்று அறிவித்து அதைப் பிறர் கவனித்தும் விட்டால், உழைப்பு குறைந்தது. ஆகிவிட்டது போன்ற திருப்தி முன்பே கிடைத்துவிடுகிறது. ஒரே ஒருவரிடம் சொல்லுங்கள், அவர் என்ன செய்ய வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்: ‘வாரத்துக்கு ஒரு தடவை, எத்தனை நாள் செய்தாய் என்று மட்டும் கேள். வேறு எதுவும் சொல்லாதே.’ வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு சொல். ‘இன்னைக்குப் போகலையா? தெரியுமே, நாலு நாள் கூத்துதான்னு’ என்பது விளையாட்டாகச் சொல்லப்பட்டாலும், மார்லட் சொன்ன அந்த ‘நான் இப்படிப்பட்ட ஆள்தான்’ என்ற முடிவை வெளியிலிருந்து எடுத்துக் கொடுக்கிறது. தவறிய அன்று எதுவும் கேட்காமல் இருப்பதும், திரும்பிய அன்று ‘வந்துட்டியா, நல்லது’ என்பதும் பெரிய உதவி.

பணத்தைப் பணயம் வைக்கும் முறையும் உண்டு. பிலிப்பைன்ஸில் புகைப்பவர்கள் ஆறு மாதம் ஒரு கணக்கில் பணம் போட்டு, முடிவில் சிறுநீர்ப் பரிசோதனையில் தேறினால் திரும்பப் பெறலாம், தேறாவிட்டால் அது அறக்கொடைக்குப் போய்விடும் என்று ஒரு திட்டம் நடந்தது. பலன் இருந்தது. ஆனால் அழைக்கப்பட்டவர்களில் சுமார் 11 சதவீதம் பேரே சேர்ந்தார்கள். விரும்புகிறவர்களுக்கு இது ஒரு வழி, எல்லோருக்கும் பரிந்துரைக்க மாட்டோம்.

தாமாக எடுத்த முடிவைத் தாமாகக் கைவிடும் உரிமையும் ஒருவருக்கு உண்டு. அதை நாங்கள் தோல்வி என்று எண்ணுவதில்லை. ஆனால் முறை இருக்கிறது. தவறிய அன்றோ, சோர்ந்திருக்கும் இரவிலோ அந்த முடிவை எடுக்கக் கூடாது. 30 நாளாவது ஆன பிறகு, வாராந்தரம் பார்க்கும் அந்த 10 நிமிடத்தில், முதல் நாள் எழுதிய காரண வாக்கியத்தை எடுத்துப் படியுங்கள். அது இன்னும் உண்மையாக இருந்தால் கொக்கியையோ அளவையோ மாற்றுங்கள். உண்மை இல்லை என்றால், ஏன் இல்லை என்று கீழே ஒரு வரி எழுதி, தேதி போட்டு நிறுத்திவிடுங்கள். அப்படி நிறுத்தியவருக்குக் குற்ற உணர்ச்சி தங்குவதில்லை, அடுத்த மாற்றத்தைத் தொடங்கத் தயங்குவதும் இல்லை.

ஓர் எச்சரிக்கையைக் கட்டாயம் சொல்ல வேண்டும். மேலே சொன்னவை எல்லாம் பழக்கங்களுக்கு உரியவை. நீண்ட காலமாகத் தினமும் அதிக அளவில் குடிப்பவர், ஒரு வைராக்கியத்தில் ஒரே நாளில் தாமாக நிறுத்துவது ஆபத்து. நிறுத்திய 6 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம், இரண்டாம் மூன்றாம் நாள்களில் மனக்குழப்பமும் நடுக்கமும் உயிருக்கே ஆபத்தாக முடியலாம். மருத்துவரின் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும். நெடுநாள் எடுத்துவரும் தூக்க மாத்திரைகளுக்கும் இது பொருந்தும், அவற்றைப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். புகை அப்படியல்ல, எந்த நாளிலும் நிறுத்தலாம். எரிச்சல், தூக்கமின்மை, கவனக்குறைவு முதல் வாரத்தில் உச்சத்தில் இருந்து, இரண்டு முதல் நான்கு வாரத்தில் தணியும். ஒவ்வொரு முறை எழும் வேட்கையும் பெரும்பாலும் சில நிமிடங்களில் அடங்கிவிடும். அந்த நிமிடங்களுக்கு எழுந்து நடப்பது, முகம் கழுவுவது என்று ஒரு கொக்கி வாக்கியம் எழுதிவைத்தால் போதும். தாங்க முடியாதவர்களுக்கு நிகோட்டின் சூயிங்கம், தோலில் ஒட்டும் நிகோட்டின் பட்டை போன்ற உதவிகளை மருத்துவர் சொல்வார்.

ஆசிரியரிடம் எங்கள் வேண்டுகோள் இரண்டு. இனி இத்தகைய கட்டுரை வரும்போது 21க்குப் பதிலாக 18 முதல் 254 வரை என்றே அச்சிடுங்கள். அதை ஜனவரி முதல் தேதியில் வெளியிடுவதோடு நிறுத்தாமல், பிப்ரவரி முதல் வாரத்திலும் தவறிய நாளுக்கான அந்த நான்கு வரி அட்டையை வெட்டி எடுத்துக்கொள்ளும் வகையில் ஒரு கட்டத்துக்குள் வெளியிடுங்கள். பலர் முதல் முறை தவறியிருக்கும் வாரம் அது.

இப்படிக்கு,
பழக்க மாற்ற ஆலோசனைப் பணியிலுள்ள வாசகர்கள் இருவர்